மடைநூலும் மக்கள் வாழ்வும்: அமெரிக்க ஜெலட்டின் உணவுக் குறிப்புகள்

தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவை வைத்தார். உண்ணும் பொருளைக் கொண்டு நிலத்தையும் அந்நிலத்து மக்களையும் அறியலாம் என்னும் கொள்கை நமக்குப் புதியதன்று. சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடனின் விருந்தைப் புகழுமிடத்து, வீமன் இயற்றிய மடைநூலின் நெறி பிழையாமல் சமைத்த உணவு அஃது எனக் குறிக்கின்றது. உணவுக்கும் நூல் உண்டு என்பதும், அந்நூலின் வழுவாமை விருந்தோம்புவானுக்குப் பெருமை தருவது என்பதும் இக்குறிப்பால் பெறப்படும். எனினும் இலக்கியம் பயில்வோர் மடைநூலைத் திறனாய்வுக்கு உரிய ஒரு பனுவலாகக் கொள்வது குறைவு. யார் கூறுவது, யாரை நோக்கிக் கூறுவது, எதைச் சொல்லி எதை மறைப்பது என்று செய்யுளிடத்து நாம் கேட்கும் வினாக்களை மடைநூலிடத்தும் கேட்கலாம்.

ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை 19-ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு 1960-களின் இறுதி வரை அமெரிக்க நாட்டில் அச்சாகிப் பரவிய ஜெலட்டின் உணவுக் குறிப்புகள். பச்சை ஜெல்லிக்குள் டூனா மீன், தக்காளிச் சாற்றோடு உறைந்த இறால், எலுமிச்சை மணக்கும் இனிப்புக் கட்டிக்குள் முட்டைக்கோசும் காரட்டும், உச்சியில் மயோனைஸ். இக்குறிப்புகளையும் இவற்றின் வண்ணப் படங்களையும் இன்று காண்போர் பலர் நகைக்கின்றனர். ஒரு தலைமுறையே நாவுணர்வு இழந்திருந்தது போலும் என்று எழுதுவோரும் உளர். அந்நகை முறையானதா என்பதே இக்கட்டுரையின் வினா. நகைப்புக்கு இடனாய அந்த விந்தை, சமைத்த மகளிரின் சுவைக் குறையால் பிறந்ததன்று. உழைப்பும் விற்பனையும் குளிர்ப்பெட்டியும் மதிப்பும் மாறிய வரலாறு குறிப்புகளில் விட்டுச்சென்ற தடமே அது என்பது இக்கட்டுரையின் துணிபு.

1. பொருளின் இயல்பு

ஜெலட்டின் என்பது விலங்குகளின் எலும்பு, தோல் முதலியவற்றை நீரில் நெடுநேரம் காய்ச்சிப் பெறும் பசைப்பொருள். அது வெந்நீரில் கரையும், குளிர்ந்தால் உறையும், ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் மீண்டும் உருகும். உடம்பின் வெப்பம் அதனினும் சிறிது மிகுதி ஆதலின், வாயிலிட்ட அளவில் உருகுதலே அதன் தனி இன்பம். தமிழ் முஸ்லிம் இல்லங்களில் நோன்பு திறக்கும் வேளையில் பரிமாறும் கடற்பாசி இதனின் வேறு. அது கடலில் வளரும் பாசியினின்றும் எடுக்கப்படுவது. மன்னார் வளைகுடாக் கரையில் மகளிர் மூழ்கித் திரட்டும் பாசிகளும் அதற்கு மூலப்பொருளாகும். கடற்பாசிக் குழம்பு நம் நாட்டு அறை வெப்பத்திலேயே உறையும். உறைந்தபின் 85 பாகை அளவு சுட்டாலன்றி உருகாது. ஆதலின் அது வெப்ப நாட்டுக்கு ஏற்றது. ஜெலட்டினோ குளிரின்றி நில்லாதது.

குளிரை வேண்டும் இவ்வியல்பே அதன் சமூக வரலாற்றுக்கு அடிப்படை. குளிர்ப்பெட்டி தோன்றுமுன் குளிர் என்பது விலைப்பொருள். பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து 1806-இல் மேற்கிந்தியத் தீவுக்கும் 1833-இல் கல்கத்தாவுக்கும் கப்பலில் அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எனப் பெயர்பெற்று, இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், அவ்வணிகத்தின் பொருட்டு 1842-இல் எழுந்தது. வேனிற்காலத்தில் ஒரு வீட்டு மேசைமேல் ஜெல்லி உருகாமல் நின்றதாயின், அவ்வீட்டார்க்குப் பனிக்கட்டி வாங்கும் வளமும் அடுக்களையில் ஏவலரும் உண்டு என்பது பொருள். உண்ணுமுன்னரே அவ்வுணவு உடையவனின் நிலையை உணர்த்திவிடும்.

2. வினைச்சொற்களின் தேய்வு

ஆங்கில நாட்டு ஹன்னா கிளாஸ் அம்மையார் 1747-இல் வெளியிட்ட சமையல் நூல் பெரிதும் பரவியது. 1805-இல் அமெரிக்காவிலும் அச்சாயிற்று. அதில் கன்றின் காலைக் கொண்டு ஜெல்லி செய்யும் குறிப்பு ஒன்று உண்டு. இரண்டு கால்களை ஒரு காலன் நீரில் இட்டு, நீர் நான்கில் ஒரு பங்காகும் வரை காய்ச்சவேண்டும். அக்குறிப்பின் வினைச்சொற்களை மட்டும் நிரல்படுத்திப் பார்ப்போம்: காய்ச்சு, வற்றவை, வடி, ஆறவை, கொழுப்பை நீக்கு, மதுவும் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கல, முட்டை வெண்கருவை அடித்துச் சேர், மீண்டும் கொதிக்கவை, துணிப்பையில் ஊற்றித் தெளியுமளவும் திரும்பத் திரும்ப வடி. ஒன்பது வினைகள். இவ்வினைகளின் நிறைவைக் கடிகாரம் அளப்பதில்லை; செய்பவரின் கண்ணே அளக்கின்றது. வற்றியதா, தெளிந்ததா என்று காணும் பழகிய கண் அக்குறிப்பில் சொல்லாமல் நிற்கும் எழுவாய்.

இனிப் பின்வந்த குறிப்பை நோக்குக. நியூயார்க்கில் பசை ஆலை நடத்திய பீட்டர் கூப்பர் 1845-இல் உலர்ந்த ஜெலட்டினுக்குக் காப்புரிமை பெற்றார். 1890-இல் ஜான்ஸ்டவுன் நகரத்துச் சார்லஸ் நாக்ஸ் குறுநொய்யான ஜெலட்டினை விற்பனைக்குக் கொணர்ந்தார். லெராய் என்னும் சிற்றூரில் இருமல் மருந்து செய்து விற்ற பேர்ல் வெயிட் என்பவர் 1897-இல் சர்க்கரையும் நிறமும் பழமணமும் முன்னரே கலந்த பொடியை ஆக்கினார். அவர் மனைவி மே அதற்கு ஜெல்-ஓ எனப் பெயரிட்டார். விற்கும் வகை அறியாத வெயிட், 1899-இல் ஆரட்டர் வுட்வர்டு என்பாரிடம் 450 டாலருக்கு அதன் உரிமையை விற்றார். ஜெல்-ஓ பொட்டலத்தின் விலை 10 சென்டு. அதன் குறிப்பில் எஞ்சிய வினைகள் மூன்றே: பிரி, கரை, குளிரவை.

ஒன்பது வினை மூன்றாயிற்று. இம்மாற்றத்தை எளிமை என்று மட்டும் கூறி அமைதல் போதாது. காய்ச்சுதலும் வடித்தலும் தெளிவித்தலும் உலகத்தினின்றும் ஒழிந்துவிடவில்லை. அவை ஆலைக்குச் சென்றன. வினை தேய்ந்தபோது வினைமுதலும் குறிப்பினின்று மறைந்தது. எலும்பும் தோலும் என்னும் மூலத்தின் நினைவும் உடன் மறைந்தது. ஆயின் வேறொன்று தோன்றியதையும் மறுத்தல் இயலாது. பிரெஞ்சுச் சமையலறிஞர் கரேம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசர்க்கும் பெருஞ்செல்வர்க்கும் மாளிகைபோல் அடுக்கிக் காட்டிய உணவுவகை, ஒரு நூற்றாண்டுக்குள் தொழிலாளி வீட்டு மேசைக்கு வந்தது. சுவையின் வரலாற்றில் இஃது ஒரு பெருநிகழ்ச்சி. குறிப்புகளை எள்ளுவோர் இதனை நினைப்பதில்லை.

3. கூற்றுக்கு உரியோர்

அகப்பாடலில் பாடுவோன் புலவன். கூற்றோ தலைவிக்கும் தோழிக்கும் உரியது. புலவன் தன்னை மறைத்துக்கொண்டு மற்றொருவர் வாயிலாகப் பேசும் மரபு இது. ஜெலட்டின் குறிப்பேடுகளின் மொழிநடையை விளக்க இதனினும் பொருத்தமான கருவி இல்லை. இக்குறிப்பேடுகளைப் பெரும்பாலும் வெளியிட்டவை விற்கும் நிறுவனங்கள். நூல்களாக விற்காமல் வீடுதோறும் இலவசமாகத் தந்தன. புதிதாகக் குடியேறியோரையும் எட்டுமாறு ஆங்கிலமல்லாத பிற மொழிகளிலும் அச்சிட்டன. விருந்தினர் முன்னறிவிப்பின்றி வந்தால் என் செய்வது, நேற்று எஞ்சிய கறியை எவ்வாறு பயன்படுத்துவது, கணவனும் குழந்தைகளும் விரும்புவது எது என்று மனையாளின் கவலைகளை அறிந்த குரல் ஒன்று அவற்றில் பேசுகின்றது. நிறுவனம் பாடியது; கூற்றோ தோழி கூற்று. 1921-இல் ஒரு மாவு ஆலை பெட்டி கிராக்கர் என்னும் இல்லாத பெண்ணொருத்தியை ஆக்கி, அவள் பெயரால் மகளிரின் மடல்களுக்கு விடை எழுதியதும் இம்மரபின் முதிர்ச்சியே.

எனினும் இத்தோழிக் குரலுக்குப் பின் உண்மையான பெண்களும் இருந்தனர். நாக்ஸ் நிறுவனத்தின் குறிப்பேட்டை 1896-இல் தொகுத்தவர் சார்லஸின் மனைவி ரோஸ் நாக்ஸ். 1908-இல் கணவர் இறந்தபின் நிறுவனத்தைத் தாமே ஏற்று ஏறத்தாழ நாற்பது ஆண்டு நடத்தினார். ஆலையில் மகளிர்க்கென இருந்த பின்வாயிலை மூடி, ஆடவரும் மகளிரும் ஒரே வாயிலால் வருக என்று பணித்தவர் அவர். ஆடவரின் விளம்பரத்தினும் பெண்ணின் சமையற்குறிப்பே பெண்களிடம் பொருளைச் சேர்க்கும் என அவர் கண்ட வழி வெற்றி பெற்றது.

இதன் மறுபுறத்தையும் காண்க. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் நடந்த ஒரு போட்டியில், முட்டைக்கோசு, செலரி, சிவப்பு மிளகாய்ப்பழம் ஆகியவற்றைப் புளிப்புச் சுவையுடைய ஜெலட்டினில் உறைவிக்கும் குறிப்பு மூன்றாம் பரிசு பெற்றது. பின்னர் நிறைவுக் கலவை எனப் பொருள்படும் பெயரால் நாடெங்கும் பரவிய உணவு அது. அனுப்பியவர் பென்சில்வேனியாவின் நியூ காசில் நகரத்தார். திருமதி ஜான் குக் எனக் கணவர் பெயராலேயே அறியப்படுகின்றார். பெற்ற பரிசு தையற்பொறி. ஒரு நாட்டின் உணவை மாற்றிய பெண்ணின் சொந்தப் பெயர் வழங்கவில்லை. அவர் உழைப்புக்குக் கிடைத்த பரிசும் மற்றொரு வீட்டுவேலைக் கருவியே.

4. இனிப்பும் மீனும் கூடியவாறு

இனி, நகைப்புக்கு முதற்காரணமான இனிப்பும் மீனும் கூடிய கூட்டத்தை ஆராய்வோம். பழைய சமையல் மரபில் இறைச்சியையும் மீனையும் உறைவிக்கும் ஜெல்லி, ஆஸ்பிக் எனப்படும், அஃது இறைச்சிச் சாற்றால் ஆவது, இனிப்பற்றது. நாக்ஸ் விற்ற பொடியும் சுவையற்றது; உப்போ இனிப்போ சேர்ப்பது சமைப்பவர் விருப்பம். ஜெல்-ஓ அங்ஙனமன்று, அதன் இனிப்பும் மணமும் ஆலையிலேயே முடிவாகிவிட்டன. வீட்டு அலமாரியில் எப்பொழுதும் இருந்த பொட்டலம் இதுவாயின், ஆஸ்பிக் செய்ய விழைந்தவர் என் செய்வார்? எலுமிச்சை மணமுள்ள இனிப்புப் பொடியைக் கரைத்து, அதன் இனிப்பை அடக்க வினிகரும் உப்பும் துருவிய வெங்காயமும் சேர்த்தார். 1930-இல் பச்சை எலுமிச்சை வகை வந்தபின் இவ்வழக்கம் மேலும் பெருகியது. வினிகர், உப்பு, வெங்காயம் என்னும் மூன்றும் குறிப்புதோறும் திரும்பத் திரும்ப வருதலை நோக்குக. நாவுணர்வு அற்றவர்க்கு அவை வேண்டா. இனிப்பு மிகுதி என்பதை உணர்ந்து அதனைத் திருத்த முயன்ற நாவின் சான்றுகள் அவை.

1960-களில் அந்நிறுவனம் செலரி, தக்காளி, காய்கறிக் கலவை முதலிய உவர்ப்பு வகைகளையும் விற்றது. இனிப்புப் பொடியைக் காய்கறியோடு கூட்டுவோர் பலர் என்பதை அறிந்தே இவற்றை ஆக்கினர் எனக் கருதலாம். வழக்கு முந்தியது, விதி பிந்தியது. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பும் முறை அடுக்களையிலும் உண்டு.

மற்றொரு சிறு சான்று அன்னாசி. பச்சை அன்னாசிப் பழத்தில் புரதத்தைச் சிதைக்கும் நொதி உண்டு. அதனைச் சேர்த்தால் ஜெலட்டின் உறையாது. டப்பாவில் அடைக்குமுன் சூடேற்றிய பழத்தில் அந்நொதி செயலற்றுப்போகும். ஆதலின் குறிப்புகள் டப்பா அன்னாசியையே வேண்டுகின்றன. 1901-இல் ஜேம்ஸ் டோல் ஹவாய்த் தீவில் தொடங்கிய அன்னாசி நிறுவனம் டப்பா அன்னாசியை நாடெங்கும் பரப்பியது. புதிய பழத்தை விலக்கி டப்பாப் பழத்தை விரும்பியது அறியாமை என எளிதில் தோன்றும். உண்மையில் அது பொருளின் இயல்பு அறிந்து சொன்ன விதி.

5. ஒழுங்கும் ஒப்பனையும்

லாரா ஷப்பிரோ 1986-இல் வெளியிட்ட நூலுக்கு, மேலே கூறிய நிறைவுக் கலவையின் பெயரையே தலைப்பாகச் சூட்டினார். அக்காலத்து மனையியல் இயக்கத்தார் சமையலை அறிவியலாக்க முனைந்தனர் என்பதும், தட்டில் சிதறிக் கிடக்கும் பச்சைக் காய்கறியை அவர்கள் விரும்பாமல் வரம்புக்குள் அடங்கிய தூய வடிவை விரும்பினர் என்பதும் அவர் கண்ட முடிவு. பாஸ்டன் சமையற்பள்ளியின் பேனி பார்மர் அம்மையார் 1896-இல் வெளியிட்ட நூல், தலைதட்டிய கரண்டியாலும் கோப்பையாலும் அளக்கும் முறையை நிலைநிறுத்தியது இப்போக்கிற்குத் துணை. கண்ணளவு போய்க் கோப்பை அளவு வந்தது.

இம்முடிவை ஏற்கலாம்; ஆயினும் 1950-களின் மிகையான ஒப்பனையை விளக்க இஃது ஒன்றே போதாது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1927-இல் கொணர்ந்த வீட்டுக் குளிர்ப்பெட்டி முதலாக, இரண்டாம் உலகப்போருக்குப் பின் குளிர் எல்லார்க்கும் உரியதாயிற்று. பனிக்கட்டியால் வந்த பெருமை போயிற்று. மூன்று வினையில் முடியும் உணவுக்கு உழைப்பால் வரும் பெருமையும் இல்லை. விருந்தினர்க்கு அன்பையும் அக்கறையையும் உணவால் காட்டவேண்டிய பெண் என் செய்வாள்? குறிப்புகளே விடை தருகின்றன. ஒரு நிற ஜெல்லியை ஊற்று, உறையும்வரை காத்திரு, அதன்மேல் மற்றொரு நிறத்தை ஊற்று, மீண்டும் காத்திரு, பழத்துண்டை வட்டமாக அடுக்கு, அச்சை வெந்நீரில் ஒரு நொடி தோய், தட்டில் உடையாமல் கவிழ். ஆலைக்குச் சென்ற வினைச்சொற்கள் வேறு வடிவில் வீட்டுக்குத் திரும்பின. மூன்றாய்க் குறைந்த வினை மீண்டும் எட்டாயும் பத்தாயும் பெருகிற்று. இவ்வொப்பனை நாவின் பிழையன்று. இழந்த உழைப்பின் மதிப்பை மீட்கும் முயற்சி.

6. விதியும் வழக்கும்

மடைநூலைச் சான்றாகக் கொள்வார் ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. குறிப்பு என்பது விதி, உண்டது வழக்கு. நிறுவனம் அச்சிட்ட வண்ணப்படத்தை மட்டும் கண்டு, அக்கால மக்கள் நாள்தோறும் மீன் ஜெல்லி உண்டனர் என முடிவுசெய்தல், அறநூலைக் கண்டு அக்காலத்தார் எல்லாரும் அறவோர் எனக் கொள்வதை ஒக்கும். வழக்கை அறியத் தேவாலய மகளிர் நன்கொடைக்காகத் தொகுத்து அச்சிட்ட ஊர்ச் சமையல் நூல்கள் துணைபுரியும். அவற்றில் ஒவ்வொரு குறிப்பின் கீழும் அளித்தவர் பெயர் நிற்கும். பெயரிட்டு அளித்த உணவைப் பெரும்பாலும் சமைத்தும் இருப்பர். ஜெலட்டின் கலவைகள் அந்நூல்களிலும் மிகுதியாக இடம்பெறுகின்றன. ஆதலின் வழக்கு இருந்தது உண்மை. அதன் களம் பெரிதும் ஊர்க்கூட்டமும் விருந்தும் துக்கவீடும்.

அக்களத்திற்கு இவ்வுணவு பொருந்திய காரணமும் தெளிவு. முன்னாளே செய்துவைக்கலாம்; சூடாக்க வேண்டா; ஒரு பொட்டலம் பலர்க்குப் போதும்; குழந்தையும் முதியவரும் உண்பர். அமெரிக்க நகரங்களில் இவ்வழக்கம் அருகியபின்னும், கூடி உண்ணும் வாழ்க்கை நிலைத்த பகுதிகளில் அது நீடித்தது. யூட்டா மாநில மன்றம் 2001-இல் ஜெல்-ஓவை அம்மாநிலத்தார் விரும்பும் சிற்றுணவு எனத் தீர்மானம் இயற்றியது.

இப்பொருள் எத்துணைப் பொதுமை எய்தியது என்பதற்கு அடுக்களைக்குப் புறம்பான சான்றும் உண்டு. 1951-இல் நியூயார்க்கில் நடந்த ரோசன்பர்க் உளவு வழக்கில், ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இரண்டாக வெட்டிய ஜெல்-ஓ அட்டையின் பாதிகளே அடையாளமாயின என அரசுத் தரப்பு கூறியது. எந்த வீட்டிலும் இருப்பது, யாரும் ஐயுறாதது என்பதாலேயே அவ்வட்டை அதற்குப் பொருந்தியது.

7. முடிவுரை

ஆராய்ந்தவற்றை நிரல்படக் காண்போம். ஜெல்லி அரிதாயிருந்தபோது செல்வரின் சின்னம், பொட்டலம் ஆனபோது எளியோரின் இன்பம், குளிர்ப்பெட்டி பொதுவானபோது ஒப்பனையின் களம், இன்று நகைப்பொருள். இந்நான்கு நிலைகளிலும் ஜெலட்டின் மாறவில்லை. அதே 35 பாகையில்தான் உருகுகின்றது. மாறியவை அதனைச் செய்யும் கைகளும் அதற்கு ஆகும் செலவும் அதனைக் காண்போர் கண்ணுமே.

நகைப்பின் இயல்பும் இதனால் விளங்கும். 1961-இல் ஜூலியா சைல்டும் துணையாசிரியர் இருவரும் வெளியிட்ட பிரெஞ்சுச் சமையல் நூலிலும் ஆஸ்பிக் உண்டு. அதனை எவரும் எள்ளுவதில்லை. மீனும் ஜெல்லியும் கூடுதலே நகைப்புக்குக் காரணமாயின் இரண்டையும் எள்ளவேண்டும். எள்ளப்படுவது 10 சென்டுப் பொட்டலத்தால் ஆனது, சிற்றூரில் சமைத்தது, பெயரில்லாப் பெண் படைத்தது. சுவை பற்றிய தீர்ப்புப்போல் தோன்றுவது பெரும்பாலும் நிலை பற்றிய தீர்ப்பாய் இருத்தலைத் திறனாய்வாளன் உணரவேண்டும். நாட்டுப்பாடலையும் கும்மியையும் இலக்கியம் அல்ல என ஒருகாலத்தில் ஒதுக்கிய நமக்கு இவ்வுண்மை அயலானதன்று.

முற்காலத்தார் சுவையை ஆராய்பவர் முதலில் கேட்கவேண்டிய வினா, இதனை எப்படி உண்டார்கள் என்பதன்று. இதனைச் செய்யும்போது அவர்கள் கையில் இருந்தது என்ன, இல்லாதது என்ன, எவர்க்காகச் செய்தார்கள் என்பதே. அவ்வினாவோடு அணுகின், வினிகர் ஒரு கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, துருவிய வெங்காயம் சிறிது என்னும் வரி, கிடைத்ததைக் கொண்டு நல்லது செய்ய முயன்ற ஒரு பெண்ணின் அறிவை நமக்கு உணர்த்தும். அவ்வறிவைக் காணாமல் நகைத்து நீங்கும் திறனாய்வு பாதித் திறனாய்வே ஆகும்.